58 வயது, தனி ஆள்: வீவக ஓரறை வாடகை வீடா, ஈரறை ஃபிளெக்சியா?

பத்தாம்மாடி | 12 அக்டோபர் 2024

வணக்கம். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேள்வி எனக்காக இல்லை, என் சித்தப்பாவுக்காக.

அவருக்கு 58 வயது, சிங்கப்பூர்க் குடிமகன். மணவிலக்கு ஆகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்போது இருந்த நாலறை வீட்டை விற்று, வந்த பங்கில் பாதி கடனுக்குப் போனது, மீதி ஒரு கூட்டு வியாபாரத்தில் போனது. பிள்ளைகள் இல்லை. கொஞ்ச நாள் ஒரு நண்பர் வீட்டில் அறை எடுத்து இருந்தார். அந்த நண்பர் வீட்டை விற்றுவிட்டதால் மார்ச் மாதத்திலிருந்து எங்கள் வீட்டு ஹால் சோபாதான் அவருக்குப் படுக்கை. எங்களுடையது நாலறை வீடு, அதாவது ஹாலையும் சேர்த்து நாலு. அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு அடுத்த வருடம் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வேறு.

பகுதி நேர வேலைதான், மாதம் 1,300 வெள்ளி. மத்திய சேம நிதி (மசேநி) சேமிப்பில் அதிகம் இல்லை என்கிறார், எவ்வளவு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

வாடகை வீட்டுக்கு எழுதிப் போடலாமா, இல்லை ஈரறை ஃபிளெக்சி (வீவக விற்கும் சின்ன வீடு) வாங்கச் சொல்லலாமா? வாடகை வீடு என்றால் முன்பின் தெரியாத ஒருவரோடு இருக்க வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

மழைநாள் | 12 அக்டோபர் 2024

பத்தாம்மாடி, வரும் 16ஆம் தேதி அக்டோபர் பிடிஓ (முன்பதிவு வாங்கிக் கட்டித் தரும் புது வீவக வீடுகள்) விற்பனை வருகிறது. முதிர்ந்த பேட்டை, முதிராத பேட்டை என்ற பழைய பிரிவு போய், ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று வரப்போவது இதில்தான். 35 வயதான ஒற்றையர்கள் இனிமேல் எந்த வட்டாரத்திலும் ஈரறை ஃபிளெக்சிக்குப் போடலாம். சித்தப்பாவைப் போடச் சொல்லுங்கள். 2.6 விழுக்காடு வட்டியில் வீவக கடன் இருக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் மானியமும் ஒற்றையருக்கு 60,000 வெள்ளி வரை ஏறியிருக்கிறது. வாடகை வீடெல்லாம் கடைசிக் கடைசி வழி.

கணக்குப்பிள்ளை | 12 அக்டோபர் 2024

மழைநாள், மூன்று இடத்தில் தடுக்கிவிட்டீர்கள்.

ஒன்று, அந்த மானியம் முதல் முறை வாங்குபவர்களுக்கு. சித்தப்பா மனைவியோடு சேர்ந்து ஏற்கெனவே ஒரு வீவக வீடு வாங்கியவர். மணவிலக்கு ஆனால் அந்தக் கணக்கு அழியாது, அவர் இரண்டாம் முறைக்காரர்தான்.

இரண்டு, 55 தாண்டியவர்கள் பெரும்பாலும் எடுப்பது குறுகிய குத்தகை ஃபிளெக்சி. 99 வருடம் கிடையாது. 15 முதல் 45 வருடம் வரை, ஐந்தைந்தாக எடுக்கலாம். ஆனால் வாங்குபவருக்குக் குறைந்தது 95 வயது ஆகும் வரை குத்தகை ஓட வேண்டும். 58 வயதுக்காரருக்கு 37 வருடம் தேவை, ஆகவே 40 வருடக் குத்தகை. கழகத்துக்குத்தான் திருப்பிக் கொடுக்கலாம், வெளிச் சந்தையில் விற்க முடியாது, முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது.

மூன்று, இதுதான் முக்கியம். குறுகிய குத்தகை வீட்டுக்கு வீட்டுக் கடன் கிடையாது. ரொக்கமாகவோ மசேநியிலிருந்தோ முழுத் தொகையையும் கட்ட வேண்டும். 2.6 விழுக்காடு என்ற பேச்சுக்கே இடமில்லை. சித்தப்பா தொகையைச் சொல்லாமல் மழுப்புகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைநாள் | 12 அக்டோபர் 2024

கடன் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. என் அத்தை எடுத்தபோது அவரிடம் வீடு விற்ற பணம் கையில் இருந்தது, அதனால் அந்தப் பேச்சே வரவில்லை. திருத்தியதற்கு நன்றி.

பத்தாம்மாடி | 13 அக்டோபர் 2024

நேற்று இரவு பேசிப் பார்த்தேன். மசேநி அறிக்கையைக் கைப்பேசியில் திறந்து காட்டினார். தொகையை இங்கே எழுத மாட்டேன், ஆனால் கணக்குப்பிள்ளை சொன்னது சரி. ஃபிளெக்சி கதை முடிந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "அந்த வீட்டை விற்கும்போது உங்கப்பா விற்காதேன்னு சொன்னாரு" என்றார். அப்பா போய் ஆறு வருடம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, வாடகை வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | 13 அக்டோபர் 2024

வாடகை வீட்டுக்குக் குடும்ப மாத வருமானம் பொதுவாக 1,500 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. அதற்காக 1,501 என்றால் கதவை அடைத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம், சூழ்நிலையையும் பார்க்கிறார்கள். ஓரறை வீட்டின் வாடகை மாதம் 26 வெள்ளியில் தொடங்கி 205 வெள்ளி வரை. ஈரறை 44இலிருந்து 275 வரை. எவ்வளவு என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. வருமானம் 800க்குக் கீழா மேலா, முன்பு அரசாங்க வீட்டுச் சலுகை பெற்றவரா இல்லையா. சித்தப்பா 800க்கு மேல், சலுகையும் பெற்றவர். ஆகவே ஓரறையின் மேல் படி, 150இலிருந்து 205க்குள் வரும்.

வெளியில் ஓர் அறை என்ன விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

தெரியாத ஆளோடு இருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ஆமாம். தனி ஆட்கள் ஒற்றையருக்கான கூட்டுத் திட்டத்தின் கீழ்தான் வருவார்கள். இரண்டு பேர், ஓரறை வீடு. ஓரறை என்றால் உண்மையிலேயே ஓர் அறைதான், ஹால் தனியாக, படுக்கையறை தனியாக என்று எதுவும் இல்லை.

கொடிக்கயிறு | 14 அக்டோபர் 2024

நான் இந்த இடத்தில் எழுதுவது அபூர்வம். ஆனால் என் அப்பா அப்படி ஒரு வீட்டில் ஒன்பது வருடம் இருந்தவர், அதனால் எழுதுகிறேன்.

புக்கிட் மேரா பக்கம் ஒரு பழைய புளோக். நீண்ட நடைபாதை, இரண்டு பக்கமும் கதவுகள். அப்பாவோடு இருந்தவர் ஒரு சீனப் பெரியவர். அப்பாவுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் சந்தை மலாய். முதல் மாதம் நான் போனபோது அறையின் நடுவே ஒரு கொடிக்கயிறு கட்டிப் பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் அவர் பக்கம், மின்விசிறி அப்பா பக்கம். விசிறியைப் போட்டால் விரிப்பு அசைந்து அசைந்து அவர் முகத்தில் படும். நிறுத்தினால் அப்பாவுக்கு வேர்க்கும். இதற்காகவே ஒரு வருடம் சண்டை.

பெரியவர் விடிகாலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்புவார். அப்பா இரவு பன்னிரண்டு வரை வானொலி கேட்பார். நான் காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தேன். அப்பா அதை அந்தப் பெரியவர் காதில் மாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டார்!

பிறகு எப்படியோ சரியானது. எப்படி என்று எனக்குத் தெரியாது, இருவரும் சொல்லவில்லை. ஒருநாள் போனபோது விரிப்பைக் கழற்றியிருந்தார்கள். கேட்டேன். "காத்து வரலை" என்றார் அப்பா. அவ்வளவுதான். அப்பா கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது தினமும் வந்தவர் அந்தப் பெரியவர். நான் வேலை முடிந்து மாலையில்தான் போவேன்.

இதைச் சொல்வதால் எல்லாருக்கும் இப்படி அமையும் என்று இல்லை. அதே மாடியில் இரண்டு பேர் போலீஸ் வரை போனார்கள்.

லிஃப்ட்அருகே | 14 அக்டோபர் 2024

கொடிக்கயிறு, உங்கள் அப்பா காலத்தில் ஆளைத் தாங்களே தேடிக்கொண்டு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அறிமுகமே இல்லாத இருவர் அவசரத்துக்குச் சேர்ந்து, சாவி வாங்கிய பிறகுதான் ஒருவர் குடிப்பவர் என்று மற்றவருக்குத் தெரியும். 2021 கடைசியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. சமூக சேவை அமைப்புகள் நடத்துநராக இருக்கும். ஒருவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். நடத்துநர் தரப்பு பழக்க வழக்கம், வேலை நேரம் எல்லாம் கேட்டு ஆளைச் சேர்த்து வைக்கும், பிறகு தகராறு வந்தால் இடையில் நின்று பேசும். அந்த வீடுகளில் தூங்கும் இடத்துக்கு நடுவில் தடுப்பும் போட்டுத் தருகிறார்கள். விரிப்பு கட்டும் வேலை இல்லை.

நான் அப்படி ஒரு புளோக்கில் தன்னார்வலராக இரண்டு வருடமாகப் போய் வருகிறேன். புகார்களில் பெரும்பாலானவை சின்ன விஷயம். குளியலறையில் முடி, ஃபிரிட்ஜில் யார் பொருள் எங்கே, வாசல் விளக்கை யார் அணைப்பது. இந்தச் சின்ன விஷயங்கள்தான் கத்தியை எடுக்க வைக்கும் என்பதும் உண்மை. பத்தாம்மாடி, நேர்காணலில் சித்தப்பா "எனக்கு எதுவும் பிரச்சினை இல்லை, யாரானாலும் சரி" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். குறட்டை விடுவாரா, புகைபிடிப்பாரா, எத்தனை மணிக்கு எழுவார், சாமி படம் வைப்பாரா, ஊதுபத்தி கொளுத்துவாரா, எல்லாவற்றையும் சொல்லட்டும்.

பத்தாம்மாடி | 14 அக்டோபர் 2024

குறட்டை விடுவாரா என்றா கேட்கிறீர்கள்! பத்தாம் மாடியில் விட்டால் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடுபவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஜோகூர்க்காற்று | 15 அக்டோபர் 2024

எனக்கு ஒன்று புரியவில்லை. அண்ணன் பிள்ளை வீட்டில் நாலறை இருக்கும்போது ஒரு பெரிய மனிதரை வாடகை வீட்டுக்கு அனுப்பலாமா என்று ஊர் கூட்டிக் கேட்கிறீர்கள். பிள்ளைகள் ஓர் அறையில், அம்மா ஓர் அறையில், ஹாலில் ஒரு மெத்தை போட்டால் என்ன குறை? நம் வழக்கம் இப்படியா?

பத்தாம்மாடி | 15 அக்டோபர் 2024

ஹாலில் மெத்தை போட்டுத்தான் ஏழு மாதம் ஆகிறது ஐயா. இரவு பிள்ளை ஹாலில் படிக்கிறாள், அவர் அதுவரை கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவராகவே போய் உட்கார்கிறார், நாங்கள் சொல்லவில்லை. மழை நாளிலும்.

ஸ்டெர்லிங்ரோடு | 15 அக்டோபர் 2024

ஜோகூர்க்காற்று தம்பி, நான் கொஞ்சம் பழைய ஆள், சொல்கிறேன் கேளுங்கள். வீவக தொடங்கியது 1960 பிப்ரவரியில். அந்த வருடமே குவீன்ஸ்டவுன் ஸ்டெர்லிங் சாலையில் முதல் மூன்று புளோக்குகள் எழும்பின. அடுத்த வருடம் மே 25, புக்கிட் ஹோ சுவீ தீ. சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடு இழந்தார்கள். அதன் பிறகு கட்டிய வேகத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

அப்போது எல்லாருமே வாடகைதான். சொந்தமாக வாங்கும் திட்டம் 1964இல்தான் வந்தது. மசேநி பணத்தை வீட்டுக்கு எடுக்கலாம் என்று 1968இல் சொன்ன பிறகுதான் கூட்டம் கூட்டமாக வாங்கினார்கள். எங்கள் வீடு ஓரறை, வாடகை 20 வெள்ளி, ஏழு பேர். அப்பா துறைமுகத்தில் வேலை. "வாடகை வீட்டுக்காரன்" என்று யாரும் யாரையும் சொல்லிப் பார்த்ததில்லை. அந்தச் சொல் கசந்தது எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, மிஞ்சியவர்களுக்குத்தான். அந்தக் கசப்புக்காக ஒரு மனிதர் மழையில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஜோகூர்க்காற்று | 15 அக்டோபர் 2024

மழை விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன். வருந்துகிறேன்.

பொங்கோல்புதுசு | 17 அக்டோபர் 2024

இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். நேற்று தொடங்கிய பிடிஓவில் நான் போடலாம் என்று இருக்கிறேன், வயது 36, தனி ஆள். 8,573 வீடுகள் என்கிறார்கள். குலுக்கலில் வரிசை எண் வந்தும் "இந்தியர் ஒதுக்கீடு முடிந்தது" என்று சொல்லிவிடுவார்களாமே?

கணக்குப்பிள்ளை | 17 அக்டோபர் 2024

நடக்கும். இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இலிருந்து இருக்கிறது. இந்தியர், இதர இனத்தவர் சேர்த்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரை, அக்கம்பக்கம் முழுவதற்கும் 12 விழுக்காடு வரைதான். வீட்டைத் தேர்ந்தெடுக்கும் நாட்கள் தொடங்கியதும் இணையத்தில் இன வாரியாக மீதி எண்ணிக்கை வரும். உங்கள் வரிசை எண் 120 என்பதை மட்டும் பார்க்காதீர்கள், உங்களுக்கு முன்னால் எத்தனை இந்தியர்கள் என்பதுதான் கேள்வி. நான் வாங்கும்போது மதிய உணவு நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 9, 7, 7, 4. என் முறை வந்தபோது 2. இரண்டில் ஒன்று குப்பைக் கிடங்குக்கு நேர் மேலே.

இன்னொன்று, வீட்டுத் தகுதிக் கடிதம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். வாங்கிவிட்டீர்களா? வாங்கினால் ஒன்பது மாதம் செல்லுபடியாகும். விற்பனை தொடங்கிய பிறகு அதற்கு ஓடுபவர்கள் ஒவ்வொரு முறையும் அழுவதைப் பார்க்கிறேன்.

பொங்கோல்புதுசு | 17 அக்டோபர் 2024

இல்லை... அழப்போகிறேன்.

லிஃப்ட்அருகே | 19 அக்டோபர் 2024

பத்தாம்மாடி, விண்ணப்பத்துக்கு என்ன என்ன எடுத்து வைத்தீர்கள்? அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மணவிலக்குத் தீர்ப்பு, மூன்றும் கட்டாயம் கேட்பார்கள். தீர்ப்பில் வீட்டைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள், முழுவதையும் கொடுங்கள். பழைய வீடு விற்ற பணம் எங்கே போனது என்றும் கேட்கலாம். அது அவமானப்படுத்தும் கேள்வி இல்லை, ஆனால் அப்படித்தான் காதில் விழும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "அண்ணன் மகன் வீட்டில் ஏன் இருக்கக்கூடாது" என்பதும் வரும். எத்தனை பேர், எத்தனை அறை, பிள்ளைகளின் வயது, இவற்றைச் சுருக்கமாக ஒரு கடிதமாக நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

நிராகரித்தால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் மேல்முறையீட்டுக் கடிதம் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அங்கே வரிசையில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் வீட்டு விஷயமாகத்தான் வருகிறார்கள்.

பத்தாம்மாடி | 2 நவம்பர் 2024

போட்டாயிற்று. நடத்துநர் வழியாக இருக்கும் ஏற்பாட்டுக்கே போட்டோம்.

தீர்ப்புக் காகிதம் கிடைக்க ஒரு வாரம் ஆனது. அவருடைய பழைய பெட்டி எங்கள் சேமிப்பு அறையில் இருந்தது. அதில் விற்ற வீட்டின் சாவி இருந்தது, ஒரு பழைய மசேநி கடித உறைக்குள். புது வீட்டுக்காரர் பூட்டை மாற்றியிருப்பார், எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதிகாரி ஒருவர் தன்மையாகத்தான் பேசினார். லிஃப்ட்அருகே சொன்ன அந்தக் கேள்வி வந்தது. பணம் எங்கே போனது என்று. சித்தப்பா ஒவ்வொரு கடனாகத் தேதியோடு சொன்னார். எனக்கே அப்போதுதான் தெரியும், அதில் ஒன்று என் தங்கை பாலிடெக்னிக் கட்டணம் என்று.

கொடிக்கயிறு | 2 நவம்பர் 2024

🙏

மழைநாள் | 20 ஜனவரி 2025

என்ன ஆனது பத்தாம்மாடி? பொங்கல் எல்லாம் போய்விட்டது.

பத்தாம்மாடி | 21 ஜனவரி 2025

காத்திருக்கிறோம். தகுதி உண்டு என்று சொல்லிவிட்டார்கள், ஆள் சேர வேண்டும். இடையில் ஒரு சறுக்கல். முதலாளி கூடுதல் நாள் வேலை கொடுத்ததில் டிசம்பர் சம்பளம் 1,620 வந்துவிட்டது. சித்தப்பா பயந்துபோய் இந்த மாதம் கூடுதல் நாட்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 300 வெள்ளிக்காக வேலையை மறுக்கிற நிலைமை! நானாக அழைத்து விசாரித்தேன். ஒரு மாதம் ஏறியதற்காகக் கழிக்க மாட்டார்கள், சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுங்கள் என்றார்கள். முன்பே கேட்டிருக்கலாம், என் தப்பு.

கணக்குப்பிள்ளை | 21 ஜனவரி 2025

உங்கள் தப்பு பாதி. வரம்பு என்று ஓர் எண்ணை வைத்தால் மனிதர்கள் அதற்குக் கீழே குனிந்துதான் நடப்பார்கள். வாடகை ஒப்பந்தம் இரண்டு இரண்டு வருடமாகப் புதுப்பிக்கப்படும், அப்போதும் வருமானம் பார்ப்பார்கள். ஏறினால் வாடகை ஏறும், உடனே வெளியே போ என்பதில்லை. இதைச் சித்தப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் இன்னும் பத்து வருடத்துக்குக் கூடுதல் வேலையை மறுத்துக்கொண்டே இருப்பார்.

பத்தாம்மாடி | 29 மார்ச் 2025

சாவி வாங்கிவிட்டோம்.

கூட இருப்பவர் ஒரு மலாய்க்காரர், 63 வயது, முன்பு பேருந்து ஓட்டியவர். குறட்டை விஷயத்தை நேர்காணலில் சொல்லிவிட்டாராம் சித்தப்பா. அவரும் விடுவாராம். அதனால்தான் சேர்த்திருக்கிறார்கள் போல.

தடுப்பு நெஞ்சு உயரத்துக்கு மேல் இருக்கிறது, உச்சி வரை இல்லை. கொடிக்கயிறு எழுதியதைச் சித்தப்பாவுக்கு முன்பே படித்துக் காட்டியிருந்தேன். உள்ளே போனதும் முதலில் அண்ணாந்து விசிறியைத்தான் பார்த்தார். விசிறி ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம், அதே கதைதான். மலாய்க்காரர் மரியாதைக்கு "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இவரும் மரியாதைக்கு "நீங்கள் மூத்தவர், நீங்கள் சொல்லுங்கள்" என்றார். பத்து நிமிடம் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் நடத்துநர் தரப்புப் பெண் சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். சித்தப்பாவுக்கு ஜன்னல் வந்தது.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. கவ்வி மாட்டும் மின்விசிறி அந்தத் தடுப்பின் மேல் விளிம்பில் நிற்குமா? யாராவது மாட்டியிருக்கிறீர்களா?

லிஃப்ட்அருகே | 29 மார்ச் 2025

நிற்கும். சின்னதாக, ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் வாங்குங்கள், பெரியது அதிரும். கவ்வி பிடிக்கும் இடத்தில் ஒரு துணித் துண்டு வையுங்கள்.